‘டிஸ்க்’ என்ற ஒரு சொல்லுக்கு 59,000 ரூபாய் கொடுத்தேன்

பழைய ரிம் பிரேக் (சக்கர வளையத்தைக் கட்டை பிடிக்கும் ரகம்) ரோட் சைக்கிளைக் கொடுத்துவிட்டு, டிஸ்க் (சக்கர நடுவில் உள்ள தட்டைப் பிடிக்கும் ரகம்) வண்டிக்கு மாற நினைப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கடையின் பெயரைப் போடவில்லை. போட்டால் எல்லாரும் கடையைப் பற்றித்தான் பேசுவோம், பிரேக்கைப் பற்றிய பேச்சு காணாமல் போய்விடும்.

எனக்குச் சேலம். என்னிடம் இருந்தது ஆறு வருடப் பழைய அலுமினிய வண்டி, ஷிமானோ கம்பெனியின் 105 செட் ரிம் பிரேக். ஏற்காட்டுக்கு அதில் எத்தனை முறை ஏறி இறங்கினேன் என்று கணக்கே இல்லை. ஒரே குறை மழை. ரிம் நனைந்திருந்தால் லீவரை அழுத்தியதும் பிடிக்காது. கட்டை முதலில் தண்ணீரை வழித்துத் தள்ள வேண்டும், அப்புறம்தான் பிடிக்கும். இருபது கொண்டை ஊசி வளைவு உள்ள பாதையில் அந்த இடைவெளி வயிற்றைக் கலக்கும். அதனால்தான் கடைக்குப் போனேன்.

“சார், ரிம் பிரேக்கை ரேஸ்லயே பேன் பண்ணிட்டாங்க. இன்னும் ரெண்டு வருஷத்துல கட்டைகூடக் கிடைக்காது. இப்பவே எக்ஸ்சேஞ்ச்ல குடுத்துட்டீங்கன்னா ஒன்பதாயிரம் தர்றேன்” என்றார் கடைக்காரர். நானும் நம்பினேன். வீட்டுக்கு வந்து தேடியிருந்தால் தெரிந்திருக்கும்: 2018 ஜூலையில் உலக சைக்கிள் சங்கமான யூசிஐ சாலைப் பந்தயங்களில் டிஸ்க் பிரேக்கை முழுமையாக அனுமதித்தது, அவ்வளவுதான். ரிம்மைத் தடை செய்யவில்லை. 2020 டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைப் போகச்சார் என்ற வீரர் ஜெயித்ததே ரிம் பிரேக் வண்டியில். விலை உயர்ந்த புது மாடல்கள் பெரும்பாலும் டிஸ்க்கில்தான் வருகின்றன என்பது உண்மை. அந்த உண்மையோடு சேர்த்துத்தான் மீதியையும் என் தலையில் கட்டினார்.

புது வண்டி 68,000. எக்ஸ்சேஞ்ச் போக 59,000 கையிலிருந்து கொடுத்தேன். ஷிமானோவின் எட்டு கியர் கிளாரிஸ் செட். “ஹைட்ராலிக்தானே?” என்று, அதாவது கம்பிக்குப் பதில் ஆயில் அழுத்தத்தில் பிடிக்கும் ரகம்தானே என்று, கேட்கவும் செய்தேன். “டிஸ்க்னாலே ஆயில்தானே சார்” என்றார். பில்லில் ‘டிஸ்க் பிரேக்’ என்று மட்டும் இருந்தது. அதை நான் கவனிக்கவில்லை.

ஒரு நிமிடம் குனிந்து பார்த்திருந்தால் போதும். ஹைட்ராலிக் என்றால் ஒரு கறுப்புக் குழாய் நேராகக் கேலிப்பருக்குள், அதாவது டிஸ்க்கைக் கவ்வும் பகுதிக்குள், போய் முடியும். கம்பி எதுவும் வெளியே தெரியாது. என் வண்டியில் உறைக்குள்ளிருந்து கம்பி வெளியே வந்து, விரல் நீளத்துக்கு மொட்டையாக ஓடி, கேலிப்பரில் இருந்த சின்ன நெம்புகோலில் ஒரு போல்ட்டுக்கு அடியில் மாட்டியிருந்தது. சாதாரண கேபிள் பிரேக். இன்னொன்றும் பிறகுதான் தெரிந்தது: எட்டு கியர் கிளாரிஸ், ஒன்பது கியர் சோரா இரண்டுக்கும் ஷிமானோ ஹைட்ராலிக் ரோட் லீவரே போடவில்லை. வண்டியில் கிளாரிஸ் என்று படித்த உடனேயே என் கேள்விக்குப் பதில் கிடைத்திருக்க வேண்டும்.

கேபிள் டிஸ்க் என்பதாலேயே அது மோசமாகிவிடாது. எனக்கு வந்தது ஒரு பக்க பேட் (டிஸ்க்கின் பிரேக் கட்டை) மட்டும் நகரும் ரகம். வெளிப் பக்க பேட் ரோட்டரை, அதாவது டிஸ்க் தட்டை, தள்ளி, அசையாத உள் பேட்மேல் சாய்க்கும். அந்த உள் பேட்டை ரோட்டருக்கு மிக நெருக்கமாக வைத்திருக்க வேண்டும், பேட் தேயத் தேயத் திருகித் திருகி முன்னே கொண்டுவர வேண்டும். ஹைட்ராலிக் இதைத் தானாகவே சரிசெய்துகொள்ளும், இது செய்யாது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. புது பேட்டைப் பழக்க வேண்டும், ஆளில்லாத ரோட்டில் மிதமான வேகத்திலிருந்து பதினைந்து இருபது தடவை நடக்கும் வேகத்துக்குக் குறைத்து எடுக்க வேண்டும் என்பதையும் சொல்லவில்லை. முதல் வாரமே பிரேக் கிரீச்சிட்டது. போன் செய்தால், “ஓட ஓட செட் ஆயிடும் சார்.” இலவச சர்வீஸுக்கு விட்டேன். செயினுக்கு ஸ்ப்ரே அடித்து, சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கொடுத்தார்கள். பளபளவென்று இருந்தது, எனக்கும் சந்தோஷம்.

ஐந்தாவது வாரம், ஐப்பசித் தூறலில் ஏற்காட்டிலிருந்து இறங்குகிறேன். முதல் சில வளைவுகளில் லீவர் வழக்கத்தைவிடக் கொஞ்சம் உள்ளே போனது. கை ஈரம் என்று நினைத்தேன். அடுத்த வளைவுக்கு முன்னால் இரண்டு லீவரும் ஹேண்டில் பாரைத் தொட்டுவிட்டன, வண்டி மட்டும் நிற்கவில்லை. கீழிருந்து பஸ் ஹாரன் கேட்டது. மலைப் பக்கச் சாக்கடைக்குள் வண்டியை விட்டேன். முட்டி கிழிந்தது, முன் சக்கரம் கோணியது. பஸ் டிரைவர் ஜன்னல் வழியாகத் திட்டியது இன்னும் காதில் இருக்கிறது. அவர் திட்டியதில் தப்பே இல்லை.

கடையில் கேபிளை இழுத்துக் கட்டிவிட்டு, “சரியாயிடுச்சு” என்றார்கள். பேட்? “தேயுற பொருளுக்கு வாரண்டி வராது சார். நீங்க பிரேக்கை ரொம்பப் பிடிக்கிறீங்க.” மலை இறங்குகிறவன் பிரேக்கைப் பிடிக்காமல் வேறு எதைப் பிடிப்பான்?

வேறொரு மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். பேட்களைக் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். உள் பேட் கிட்டத்தட்டப் புதுசு. வெளிப் பேட் சரிவாகத் தேய்ந்து, ஒரு ஓரத்தில் தகடு எட்டிப் பார்த்தது. உள் பேட் திருகில் கடை ஆட்கள் ஒருநாளும் அலன் கீ வைத்ததாகத் தெரியவில்லை. பின் ரோட்டரை வெள்ளைத் துணியால் துடைத்தார், துணி கறுத்தது. “செயின் ஆயில்ணா. பேட் குடிச்சிருச்சு. இனிமே இதைக் கழுவிப் பிரயோஜனம் இல்ல, தூக்கித்தான் போடணும்.” இரண்டு பக்கமும் நகரும் கேலிப்பர் ஜோடி, புது பேட், ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் ரோட்டரைக் கழுவியது, சக்கரக் கோணல் எடுத்தது, கூலி எல்லாம் சேர்த்து 14,500. இப்போது நன்றாகவே பிடிக்கிறது. மழையில் பழைய வண்டியைவிட நிச்சயம் மேல். ஆனால் இந்தக் காசையும் முதலிலேயே சேர்த்துப் போட்டிருந்தால் நிஜ ஹைட்ராலிக் வண்டிக்குப் பக்கத்தில் போயிருப்பேன். அல்லது பழைய வண்டிக்கு நல்ல கட்டை மாற்றிக்கொண்டு, மழை நாளில் மலைக்குப் போகாமல் இருந்திருப்பேன்.

போன வாரம் அந்தக் கடை வாசலில் என் பழைய வண்டி நின்றது. ஹேண்டில் டேப் மட்டும் புதுசு. ஹெல்மெட்டைக் கழற்றாமல் உள்ளே போய் விலை கேட்டேன். புதுப் பையன் ஒருவன், என்னைத் தெரியாது.

“32,000 சார். 105 பிரேக், ஏற்காட்டுக்கே போலாம்.”

“டிஸ்க் இல்லையே தம்பி?”

“டிஸ்க்னா தொல்லை சார். சத்தம் வரும், ஆயில் பட்டா போச்சு. இதுல கட்டை மாத்த அஞ்சு நிமிஷம்.”