ஆறு லட்சம் சேமிப்பு: கும்மிடிப்பூண்டிப் பக்கம் மனையா, பழைய வீடா, ரீட் யூனிட்டா?

கையில் ஆறு லட்சம் ரூபாய் இருக்கிறது என்று கும்மிடிப்பூண்டியிலோ ஆரம்பாக்கத்திலோ சொன்னால், கேட்பவர் எவராயினும் "மனை வாங்கிப் போடு" என்பார். இந்தப் பக்கம் சிப்காட் தொழிற்பேட்டை, ஆந்திர எல்லை தாண்டினால் தடாவும் ஸ்ரீசிட்டி தொழில் நகரமும், இரண்டையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 16. இடத்தின் விலை ஏறாமல் எங்கே போகும் என்ற நம்பிக்கை இங்கே எல்லோருக்கும் உண்டு. மனையா, பழைய வீடா, பெரிய வணிகக் கட்டடங்களில் பங்குபோல வாங்கும் ரீட் யூனிட்டா என்ற கேள்வியோடு நானும் மனைவியும் சென்ற ஆண்டு பல இடங்களைப் பார்த்தோம். மனையை விட்டுவிட்டு, கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இரண்டு போர்ஷன் கொண்ட பழைய தளம் போட்ட வீட்டை வாங்கினோம். ஆகவே என் சாய்வு வீட்டின் பக்கம்தான். அதற்கான காரணத்தைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

மனை வாங்குவோர் பார்க்க வேண்டிய தாள்கள் பலருக்கும் தெரிந்தவையே: தாய்ப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, அரசின் திட்ட அமைப்புகளான டி.டி.சி.பி. அல்லது சி.எம்.டி.ஏ.வின் அங்கீகாரம். மனைப் பிரிவு 500 சதுர மீட்டரையோ எட்டு மனைகளையோ தாண்டினால் ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணும் வேண்டும். அங்கீகாரமில்லாத மனை என்றால், அது 2016 அக்டோபர் 20-ஆம் தேதிக்கு முன் விற்கப்பட்டதா, வரன்முறை செய்யப்பட்டதா என்று பார்க்க வேண்டும். இந்தப் பகுதியில் கூடுதலாகப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. 1892-ஆம் ஆண்டு ஆணையின் வழியே ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வழங்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் நிறைய இருந்தன. இன்றைய திருவள்ளூர் மாவட்டம் அதிலிருந்து பிரிந்ததுதான். நிலம் எந்த வகை என்று சொல்லும் 'அ' பதிவேடு கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும், அதைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. பஞ்சமி நிலம் எத்தனை கை மாறி வந்திருந்தாலும் அதை வாங்குவது நியாயமில்லை.

தாள்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன என்றே வைத்துக்கொள்வோம். அப்படிப்பட்ட மனையையும் நான் ஏன் வேண்டாம் என்றேன்? விற்பதை நினைத்துத்தான். சேமிப்பு குறைவாக உள்ளவருக்கு எந்தச் சொத்தும் என்றைக்காவது ஒரு அவசரத்துக்கு உதவியாக வேண்டும். மகள் கல்லூரிக்குப் போகும் ஆண்டிலோ, வீட்டில் ஒருவர் மருத்துவமனையில் கிடக்கும் மாதத்திலோ அதை நம்மிடமிருந்து யார் வாங்குவார் என்ற கேள்விக்கு இன்றே பதில் தெரிந்திருக்க வேண்டும்.

என் பெரியப்பா மகன் ஆரம்பாக்கம் பக்கம் அங்கீகரிக்கப்பட்ட மனை ஒன்றை வைத்திருக்கிறார். தாள்களில் ஒரு குறையும் இல்லை. விற்க நினைத்து என்னையும் ஒரு நாள் அழைத்துப் போனார். நுழைவு வளைவின் வண்ணம் உரிந்திருந்தது. மஞ்சள் பூசிய எல்லைக் கற்களைச் சீமைக்கருவேலம் மூடியிருந்தது. மின்கம்பத்திலிருந்து எண்ணிக்கொண்டே போய்த்தான் தன் மனையை அவரால் கண்டுபிடிக்க முடிந்தது. சாலைக்கு எதிர்ப்புறம் அதே நிறுவனத்தின் இரண்டாம் கட்ட மனைகள், புதுக் கொடிகளோடு. இலவசப் பதிவு, தங்க நாணயம், தவணை வசதி எல்லாம் அங்கே உண்டு. பார்க்க வந்தவர் அண்ணனிடம் கேட்டது இதுதான்: "புதுசே இந்த விலைக்குக் கிடைக்கும்போது உங்களிடம் எதற்கு வாங்க வேண்டும்?" தனியாக ஒரே ஒரு மனையை விற்பவர், விளம்பரப் பலகையும் தரகர் படையும் வைத்திருக்கும் நிறுவனத்தோடு போட்டி போட வேண்டியிருக்கிறது. அந்த நிறுவனத்திடம் விற்காத மனை இருக்கும் வரை இது ஓயாது.

கணக்கும் இதையே சொல்கிறது. தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 10 லட்சத்துக்குள் பெண் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. இது மனைக்கு உள்ள நல்ல சலுகை, மறுக்க மாட்டேன். அந்தச் சலுகையோடே 10 லட்சம் மனைக்கு 10 லட்சத்து 80 ஆயிரம் ஆகிறது. இதே தொகை 7 சதவீதக் கூட்டு வட்டியில் ஐந்து ஆண்டுகள் இருந்தால் சுமார் 15 லட்சத்து 15 ஆயிரம் ஆகும். அதாவது ஐந்து ஆண்டுகளில் மனையின் விலை ஒன்றரை மடங்காக ஆனால்தான் வங்கி வைப்புக்குச் சமமாக நிற்கிறது. வேலி, முள் வெட்டும் கூலி, தரகு எல்லாம் இதற்கு மேல். நடுவில் ஒரு ரூபாய் வருமானமும் கிடையாது.

இதைவிட ஆழமான சிக்கல் பத்திரத்தில் எழுதும் தொகை. அரசு குறித்திருக்கும் வழிகாட்டி மதிப்புக்கு மட்டும் பத்திரம், மீதி ரொக்கம் என்ற பேச்சு இந்தப் பக்கம் சாதாரணம். பத்து லட்சத்துக்கு வாங்கிய மனை பத்திரத்தில் நான்கு லட்சமாக நிற்கும். பின்னால் வங்கிக் கடனில் வாங்க ஒருவர் வந்தால் முழு விலைக்கும் பத்திரம் வேண்டும் என்பார். அப்போது நான்கு லட்சத்துக்கு வாங்கிப் பதினைந்து லட்சத்துக்கு விற்றதாகத்தான் வருமான வரித்துறை பார்க்கும். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்த நிலத்தின் லாபத்துக்கு இப்போது வரி 12.5 சதவீதம். உண்மையில் கையில் நின்றது ஐந்து லட்சம், வரி பதினொரு லட்சத்துக்கு. நிலப் பரிவர்த்தனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெற்றுக்கொள்ளும் விற்பவருக்கு அதே அளவு தொகையை அபராதமாக விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ரொக்கம் கேட்டு அடம் பிடித்த இரண்டு இடங்களிலிருந்து நாங்கள் எழுந்து வந்துவிட்டோம். அதற்காக வருத்தப்பட்டதே இல்லை.

இனி வீடு. விலை 18 லட்சம். பதிவுச் செலவு 1 லட்சத்து 62 ஆயிரம். வங்கிக் கடன் 14 லட்சம். எங்கள் சேமிப்பு ஏறக்குறைய அப்படியே கரைந்தது. 8.75 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு மாதத் தவணை 12,400 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. இரண்டு போர்ஷனுக்கும் சேர்த்து வாடகை 10,000 ரூபாய். தவணையில் பெரும்பகுதியை வீடே கட்டுகிறது. மீதியும் பராமரிப்பும் எங்கள் சம்பளத்திலிருந்து போகின்றன. வாடகை வருமானத்தில் சொத்து வரி போக மீதியில் 30 சதவீதத்துக்கு வருமான வரி கிடையாது.

விலை ஏறும் வேகத்தில் மனை முந்தக்கூடும், அதை ஒப்புக்கொள்கிறேன். கட்டடம் ஆண்டுக்கு ஆண்டு தேய்கிறது, ஏறுவது அதன் அடியிலுள்ள மண் மட்டும்தான். ஆனால் விற்கும் நாளில் எனக்கு இரண்டு வகை ஆட்கள் வருவார்கள்: குடியிருக்க வீடு தேடும் குடும்பம், வாடகை பார்த்து வாங்குபவர். குடும்பத்துக்கு உள்ளூர்ப் பள்ளியும் புறநகர் ரயிலும் வேண்டும், வாடகை பார்ப்பவருக்குக் குடியிருப்பவர் வேண்டும். இரண்டும் அங்கே இருக்கின்றன. கட்டட வரைபட அனுமதியும் பேரூராட்சி வரி ரசீதும் இருப்பதால் அவர்களுக்கும் வங்கி கடன் கொடுக்கும். வரைபட அனுமதி இல்லாத வீடு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். இன்று உங்களுக்குக் கடன் மறுக்கும் வங்கி நாளை உங்களிடம் வாங்க வருபவருக்கும் மறுக்கும்.

பழைய வீட்டைப் பார்க்கப் போகும்போது முன்னறையில் நிற்க வேண்டாம். நேராகக் கழிவறைக்கு மேலே உள்ள தளத்தை அண்ணாந்து பாருங்கள். அங்கேதான் நீர் முதலில் இறங்கும். காரை உப்பி நின்றாலோ, துருக்கறை கோடாக ஓடினாலோ உள்ளே கம்பி அரித்திருக்கிறது. எங்கள் வீட்டில் மேல்நிலைத் தொட்டியின் அடியில் அப்படி ஒரு கறை இருந்தது. கொத்தனாரை அழைத்துவந்து தட்டிப் பார்த்து, அதைச் சரிசெய்யும் செலவை விலையில் குறைத்துக்கொண்ட பிறகே கையெழுத்திட்டோம். கீழ்ச்சுவரில் உப்புப் பூத்திருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். புதிதாக அடித்த சுண்ணாம்பு பல குறைகளை மறைக்கும்.

குடியிருப்பவர்கள் பெரும்பாலும் ஆலைத் தொழிலாளர்கள். ஒரு போர்ஷனில் ஒடிசாவிலிருந்து வந்த குடும்பம், இன்னொன்றில் ஷிப்டு வேலைக்குப் போகும் இளைஞர்கள். தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும். நாங்கள் பதிந்திருக்கிறோம். வெளி மாநிலத்தவர் என்பதற்காகத் தலைக்கு இவ்வளவு என்று வாடகை ஏற்றுவது எனக்கு உடன்பாடில்லை. நியாயமான வாடகை கேட்டால் ஆள் நிலைத்து இருக்கிறார்கள் என்பது எங்கள் அனுபவம். அந்த அனுபவம் இன்னும் குறுகியதுதான். ஆலைகள் ஆள் குறைத்தால் முதலில் காலியாவது இப்படிப்பட்ட வீடுகளே. 2020 ஊரடங்கில் தொழிலாளர்கள் கூட்டமாக ஊர் திரும்பியதை இந்தப் பக்கத்தில் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆறு மாதத் தவணைக்கான பணத்தைத் தனியாக வைத்துக்கொள்ளாமல் இந்த வழியில் இறங்குவது ஆபத்து.

எல்லைக்கு அந்தப் பக்கம் வாங்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். தடாவில் விலையைக் கஜத்தில் சொல்வார்கள், ஒரு கஜம் 9 சதுர அடி. சதுர அடிக்கு மாற்றிய பிறகே மலிவா இல்லையா என்று பேச முடியும். 1960 ஏப்ரல் 1 அன்று மாநில எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி இங்கே வந்தது, சத்தியவேடு பக்கக் கிராமங்கள் பல ஆந்திராவுக்குப் போயின. அந்தக் கிராமங்களில் பழைய பத்திரங்களைத் தேட இரு மாநிலப் பதிவுகளையும் பார்க்க வேண்டிவரலாம். தெலுங்கு படிக்கத் தெரிந்த, அந்தப் பக்கத்து வழக்கறிஞர் இல்லாமல் நான் போக மாட்டேன்.

ரீட் யூனிட்டுகள் மூன்றாவது வழி. பெரிய அலுவலக வளாகங்களையும் வணிக வளாகங்களையும் வைத்திருக்கும் முதலீட்டு டிரஸ்ட்டுகளின் பங்கு போன்றவை இவை, பங்குச் சந்தையில் கிடைக்கின்றன. இந்தியாவில் முதலில் வந்தது 2019-இல் எம்பசி ரீட். 2021 முதல் ஒரே ஒரு யூனிட்கூட வாங்கலாம். பகிர்வதற்குரிய பணத்தில் 90 சதவீதத்தையாவது யூனிட் வைத்திருப்போருக்குக் கொடுத்தாக வேண்டும் என்பது பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் விதி. பதிவுச் செலவு இல்லை, முள் வெட்ட வேண்டாம், வேண்டும் என்கிற நாளில் சந்தை விலைக்கு விற்கலாம். விலை பங்குகளைப் போல ஏறி இறங்கும், கடன் வாங்கிப் பெருக்கும் வாய்ப்பு வீட்டில் உள்ளதுபோல் இல்லை. நான் வைத்திருப்பது சில யூனிட்டுகள்தான், நெடுங்காலத் தீர்ப்பு சொல்ல அது போதாது.

ஆனாலும் சேமிப்பு மூன்று லட்சத்துக்குக் கீழே இருந்தால், மாதச் சம்பளமும் நிலையாக இல்லை என்றால், வீட்டுக்கு முன் ரீட்டைத்தான் சொல்வேன். மனைத் தவணைத் திட்டத்தில் சேர வேண்டாம். ரீட்டில் ஆண்டுக்கு ஆண்டு சேர்த்துவருகிற தொகை, பதிவுச் செலவும் ஆறு மாதத் தவணைப் பணமும் போக, வீட்டு விலையில் நான்கில் ஒரு பங்கை எட்டும்போது ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் வீடு பார்க்கத் தொடங்கலாம்.