இஞ்சிச் சாறு காய்ச்ச எத்தனை லீற்றர் மின்பானை? இரண்டு வருடப் பாவனைக்குப் பிறகு

திருகோணமலையில் வீட்டில் இஞ்சிச் சாறு காய்ச்சிப் போத்தலில் விற்பவர்கள் விறகிலிருந்து கரண்டுக்கு மாறும்போது, பிறகு உதவும் என்று 50 லீற்றர் பானையைத்தான் எடுக்கிறார்கள். வாரம் ஒரு தடவை என்று இரண்டு வருடம் ஓட்டிப் பார்த்ததில், 20 போத்தல் காய்ச்சுவதற்கு அது பிழையான பானை. 25 லீற்றர்தான் சரி.

காரணம் பானைக்குள் தண்ணீரைச் சூடாக்கும் மின் கொயிலின் உயரம். 40 சென்ரிமீற்றர் அகலப் பானையில் ஒரு சென்ரிமீற்றர் உயரத்துக்கு 1.25 லீற்றர் பிடிக்கும். கொயிலின் மேல் விளிம்பு அடியிலிருந்து 6 சென்ரிமீற்றரில் இருந்தால், அதற்கு மேலும் 3 சென்ரிமீற்றர் தண்ணீர் நிற்க 11 லீற்றருக்கு மேல் வேண்டும். 30 சென்ரிமீற்றர் அகலமான 25 லீற்றர் பானைக்கு ஆறரை லீற்றர் போதும். அகலப் பானையில் சாறு கொஞ்சம் குறைந்தாலே கொயில் வெளியே தெரியும்; இனிப்பு அதில் ஒட்டிக் கருகும், கொயிலும் போகும்.

எங்கள் கணக்கு இது: தண்ணீர் 14 லீற்றர், இடித்த இஞ்சி 2 கிலோ, சீனி 7 கிலோ. இஞ்சியோடு மட்டம் 16 லீற்றருக்கு வரும். நுரை பொங்க இடம் வேண்டும் என்பதால் 20 லீற்றர் பானை காணாது. 45 நிமிடக் கொதியில் ஒன்றரை லீற்றர் ஆவியாகும், பிழிந்த சக்கையில் ஒரு லீற்றர் தங்கும். கரைந்த சீனி 4.3 லீற்றர் கூட்டும். மண்டியை விட்டுவிட்டால் 750 மில்லிலீற்றர் போத்தல் 20 நிரம்பும்.

இஞ்சியில் மாவுச்சத்து இருக்கிறது. சும்மா போட்டால் அது கொயிலில் படிந்து, வெந்து பசையாகி, அடிப்பிடித்த வாடை சாறு முழுக்க ஏறிவிடும். வெள்ளைத் துணிப்பையில் கட்டி, கொயிலில் முட்டாமல் தொங்கவிடுங்கள். சீனியையும் நேரே கொட்டக் கூடாது. அடியில் இறங்கிக் கொயிலில் கருகும். கரண்டை நிறுத்தி, 5 லீற்றர் சுடுசாற்றை 15 லீற்றர்ச் சாதாரணப் பானைக்கு எடுத்து, அதில் சீனியைக் கரைத்து, வடித்துத் திரும்ப ஊற்றுங்கள். இந்த இரண்டாவது பானைக்கு மின்சாரம் தேவையில்லை, மலிவாக எடுக்கலாம்.

கொயில் 2000 வாட்ஸ் போதும். 14 லீற்றர் கொதிக்க ஏறக்குறைய 40 நிமிடம் எடுக்கும். 3000 வாட்ஸ் என்றால் 13 அம்பியர். சதுரப் பின் பிளக்கின் எல்லையே அதுதான், ஒரு மணித்தியாலம் ஓடினால் பிளக் கை வைக்க முடியாமல் சுடும். நீட்டு வயரில் போடவே வேண்டாம். பானையின் உடம்புக்கு எர்த் கட்டாயம், 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்சும் கட்டாயம். இதில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

நிலாவெளிப் பக்கம் போலக் கடலோரக் கிணற்று உவர் என்றால் அதில் காய்ச்ச வேண்டாம். சாற்றின் ருசியும் கெடும், உப்பு எவர்சில்வரிலும் புள்ளி புள்ளியாகத் துரு வைக்கும். நல்ல தண்ணீரிலும் கொயிலில் வெள்ளைப் படை பிடிக்கலாம். தண்ணீரில் கொஞ்சம் சிட்ரிக் அமிலம் போட்டுச் சூடாக்கி ஒரு மணித்தியாலம் விட்டால் கழன்றுவிடும். கம்பி தேய்த்துக் கீற வேண்டாம்.

உள்ளே தண்ணீர் ஓடவிட்டுச் சாற்றை ஆறவைக்கும் குழாய்ச் சுருள் இங்கே வீண்செலவு. கச்சான் அடிக்கும் மாதங்களில் மொட்டைமாடித் தாங்கித் தண்ணீரே சுடும், அதைக் கொண்டு எதை ஆறவைப்பது? 45 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து, சாறு 85 பாகைக்கு மேல் இருக்கும்போதே நிரப்புங்கள். இந்த அளவு சீனி மட்டும் சாற்றைக் காக்காது. புளிப்பும் சூடும் வேண்டும். போத்தலை முன்பே சுடுநீரில் வைத்தெடுங்கள், இல்லாவிட்டால் வெடிக்கும். மூடியதும் ஒரு நிமிடம் சரித்துவைத்தால் மூடியின் உட்பக்கமும் சூடாகும்.

ஒரு லீற்றர் அளந்து ஊற்றி ஊற்றி அகப்பைக் காம்பில் கத்தியால் கோடு போட்டுவையுங்கள். ஆவியில் எதுவும் தெரியாத நேரத்தில், மட்டம் பார்க்க அந்தக் கோடுகள்தான் உதவும்.