திறந்த வயிறு: சலைன் பையா, வேக்குவமா, மெஷ் இழுப்பா?

பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகும் வயிற்றைத் தைக்காமல், திறந்தபடியே ஐசியுவுக்கு அனுப்ப வேண்டிய நோயாளிகள் உண்டு. விபத்தில் ஈரல் கிழிந்து, உடல் குளிர்ந்து, ரத்தம் உறையாமல் கசிந்துகொண்டே இருப்பவர். குடல் ஓட்டையால் வயிறு முழுக்கச் சீழ் பரவியவர். வயிற்றுக்குள் அழுத்தம் 20 மி.மீ. பாதரசத்தைத் தாண்டி, சிறுநீர் நின்று, வென்டிலேட்டர் தள்ளும் காற்றுக்கும் நுரையீரல் விரியாதவர். இவர்களை அன்றைக்கே இழுத்துப் பிடித்துத் தைத்தால் உயிர் போய்விடலாம். திறந்து வைப்பது சரிதான். ஆனால் எப்படி மூடப்போகிறோம் என்பதையும் அன்றே யோசித்துவிட வேண்டும்.

நடுவில் பிடிப்பு போனதும் பக்கவாட்டுத் தசைகள் சுருங்கி, ஃபேசியாவின் (வயிற்றுச் சுவருக்குப் பலம் தரும் கெட்டியான நார்ப்படலம்) இரு ஓரங்களையும் வெளிப்பக்கம் இழுத்துக்கொண்டு போகின்றன. இன்னொரு பக்கம், குடல் வயிற்றுச் சுவரின் உட்புறத்தில் ஒட்டத் தொடங்குகிறது. ஒரு வாரம், பத்து நாள் ஆகிவிட்டால் ஓரங்களைச் சேர்ப்பது மிகவும் கடினம். திறந்த வயிற்றைத் தற்காலிகமாக மூடிவைக்கும் எந்த முறையைப் பற்றிப் பேசினாலும் நான் முதலில் கேட்பது, ஒட்டுவதையும் விலகுவதையும் அது தடுக்கிறதா என்பதுதான்.

போகோட்டா பையிலிருந்து தொடங்கலாம். 1984இல் கொலம்பியத் தலைநகர் போகோட்டாவின் சான் ஹுவான் டி டியோஸ் மருத்துவமனையில் ஒஸ்வால்டோ பொர்ராயெஸ் சலைன் பையை வெட்டி விரித்துத் திறந்த வயிற்றின் மேல் தைத்தார். செலவு இல்லை, எந்தச் சிறிய ஆபரேஷன் தியேட்டரிலும் கிடைக்கும். பை கண்ணாடி போல இருப்பதால் குடல் கறுக்கிறதா என்று படுக்கையருகே நின்றே பார்க்கலாம்; குடலுக்கு ரத்தம் போகிறதா என்ற சந்தேகம் உள்ள நோயாளிக்கு இது பெரிய உதவி. ஆனால் தையல் ஓரமாக நீர் கசிந்து படுக்கை நனையும், சுற்றியுள்ள தோல் புண்ணாகும். ஃபேசியாவை அது இழுத்துப் பிடிப்பதும் இல்லை. ஓரிரு நாளுக்குப் போதும். அதற்கு மேல் அதை நம்பி இருக்கக் கூடாது.

அடுத்தது வேக்குவம், அதாவது திறந்த வயிற்றை மூடி, சேரும் நீரை உறிஞ்சி எடுக்கும் முறை. பார்க்கர் என்ற அறுவை மருத்துவரின் முறையில் துளையிட்ட பாலித்தீன் ஷீட், ஈரத் துணி, நீரை வெளியேற்றும் இரண்டு குழாய் (டிரெயின்), மேலே ஒட்டும் ஷீட், ஆஸ்பத்திரிச் சுவரில் இருக்கும் சக்‌ஷன். அவ்வளவுதான். கம்பெனி கிட்டும் (துணிக்குப் பதில் ஸ்பாஞ்ச்) இதே தத்துவம்தான், விலைதான் பல மடங்கு. கசிவு பாட்டிலில் சேர்வதால் எவ்வளவு நீர் போகிறது என்று அளந்து ஈடுகட்டலாம், நர்ஸ்களுக்கும் வேலை குறைவு. இதில் எல்லாமே உள் ஷீட்டைப் போடும் விதத்தில் இருக்கிறது. குடலுக்கும் வயிற்றுச் சுவருக்கும் நடுவே கையை விட்டு, இரு பக்கப் பள்ளங்கள்வரை அதைத் தள்ள வேண்டும். அவசரத்தில் நடுவில் மட்டும் விரித்துவிட்டால் ஓரத்தில் குடல் ஒட்டிவிடும். ஸ்பாஞ்ச் நேராகக் குடலில் பட்டால் ஓட்டை விழலாம். திறந்த புண்ணின் நடுவே குடல் வாய் திறந்துவிட்டால், மலநீர் ஓடும் அந்த இடத்தில் அதைப் பிடிக்கும் எந்தப் பையும் ஒட்டாது. அப்படிப்பட்ட நோயாளியை மாதக்கணக்கில் கவனிக்க வேண்டிவரும்.

சக்‌ஷன் இருந்தால் ஃபேசியாவும் தானாக நடுவே வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். வராது. விலகுவது கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவே.

அதனால்தான் மெஷ் (வலைத்துணி) இழுப்போடு சேர்ந்த வேக்குவம் எனக்குப் பிடித்தது. 2007இல் ஸ்வீடனின் மால்மோ குழு வெளியிட்ட முறை இது. உள் ஷீட்டின் மேல் மெஷ்ஷை வைத்து இரு பக்க ஃபேசியா ஓரத்திலும் தைத்து, மேலே ஸ்பாஞ்சும் சக்‌ஷனும் போடுகிறோம். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தியேட்டரில் மெஷ்ஷை நடுவில் வெட்டி, உள்ளே கழுவி, ஷீட்டை மாற்றி, தளர்ந்த அளவை இழுத்து மறுபடி தைக்கிறோம். இடைவெளி சில செ.மீ. ஆனதும் மெஷ்ஷைக் கழற்றிவிட்டு ஃபேசியாவையே தைத்துவிடலாம். விட்மன் பேட்ச்சும் இப்படி இழுப்பதுதான், தையலுக்குப் பதில் ஒட்டி உரிக்கும் பட்டை.

விபத்து அல்லாத காரணங்களுக்காக வயிறு திறந்து வைக்கப்பட்டவர்களைப் பற்றி 2015இல் வந்த தொகுப்பாய்வில், வேக்குவம் மட்டும் வைத்தவர்களில் சுமார் 51% பேருக்கு ஃபேசியா மூடியது. இழுப்பும் சேர்த்தவர்களில் சுமார் 73%. குடல் ஓட்டை முன்னதில் 14.6%, பின்னதில் 5.7%. பல சிறு ஆய்வுகளைக் கூட்டிய கணக்கு என்பதால் தசமப் புள்ளியை நம்ப வேண்டாம், போக்கை நம்பலாம்.

இரண்டு நாளில் மூடிவிடக்கூடிய விபத்து நோயாளிக்கு மெஷ் தேவையே இல்லை. குடல் இன்னும் வீங்கியிருக்கும்போது பலமாக இழுப்பதும் தவறு. ஒவ்வொரு இழுப்புக்கும் பிறகு சிறுநீர்ப்பை வழியாக அழுத்தத்தை அளந்துவிடுங்கள். ஏறினால் ஒரு தையல் தளர்த்துங்கள். எவ்வளவு முயன்றும் சேராவிட்டால் சதை வளர்ந்ததும் தோல் ஒட்டு வைத்து, குடலிறக்கம் வரும் என்று குடும்பத்திடம் முன்பே சொல்லிவிட்டு, ஆறு முதல் பன்னிரண்டு மாதம் கழித்துச் சுவரைச் சீரமைக்கலாம். இழுபறியில் மூடி அழுத்தத்தை ஏற்றுவதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் முதல் தடவை டிரெஸ்ஸிங் மாற்றும்போதே மெஷ் தைத்திருந்தால் அந்த நிலை பலருக்கு வந்திருக்காது.