டெக்சாஸ் ஹைஸ்கூல் ஆர்கெஸ்ட்ராவில் நான்கு வருடம்: ஒரு அம்மாவின் அனுபவம்

என் மகள் இந்த வருடம் பள்ளியை முடித்தாள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை பள்ளி ஆர்கெஸ்ட்ராவில், அதாவது வயலின் குடும்பத் தந்திக் கருவிகளின் குழுவில், வயோலா வாசித்தாள். நாங்கள் இருப்பது டாலஸுக்கு வடக்கே. இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அடுத்த வருடப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் சமயத்தில் என்னிடம் வரும் கேள்வி ஒன்றுதான்: "ஹைஸ்கூலிலும் ஆர்கெஸ்ட்ராவைத் தொடரலாமா, இதோடு விட்டுவிடலாமா?" தொடருங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் பள்ளி எதைக் கற்றுக் கொடுக்கும், எதை நாம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தெரிந்துகொண்டு தொடருங்கள்.

டெக்சாஸில் ஆர்கெஸ்ட்ரா என்பது பள்ளி விட்ட பிறகு நடக்கும் பாட்டு வகுப்பு கிடையாது. கணக்கு, அறிவியல் போல நேர அட்டவணையில் இருக்கும் பாடம். மார்க் உண்டு, கிரெடிட் (பள்ளி முடிக்கச் சேர்க்க வேண்டிய பாடப் புள்ளி) உண்டு. பள்ளி முடிக்க நுண்கலையில் ஒரு கிரெடிட் கட்டாயம். முதல் வருடத்திலேயே அது கிடைத்துவிடும். பெரும்பாலும் ஆறாம் வகுப்பில் கருவியைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள், அதனால் ஹைஸ்கூலுக்கு வரும்போது எல்லாருக்கும் மூன்று வருடப் பழக்கம் இருக்கும். வருடக் கடைசியில் ஆடிஷன் வைத்து, அடுத்த வருடம் யார் எந்தக் குழு என்று பிரிக்கிறார்கள். என் மகள் கீழ்க் குழு ஒன்றில் தொடங்கி, பதினொன்றாம் வகுப்பில்தான் மேல் குழுவுக்குப் போனாள். அந்த இரண்டு வருடமும் வீணாகவில்லை. அடிப்படை பலமானது அங்கேதான்.

அவள் மிடில் ஸ்கூலில் வயலின் வாசித்தாள். ஒன்பதாம் வகுப்பில் டைரக்டர், அதாவது ஆர்கெஸ்ட்ராவை நடத்தும் ஆசிரியர், கேட்டதால் வயோலாவுக்கு மாறினாள். நம் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் வயலினுக்குத்தான் போகிறார்கள், அங்கே போட்டி கடுமை. வயோலாவுக்கும், இந்தக் குடும்பத்தில் மிகப் பெரியதான டபுள் பேஸுக்கும் ஆள் தேடுகிறார்கள். வயோலா வயலினைவிடக் கொஞ்சம் பெரியது, கீழே 'சி' தந்தி இருக்கும், நொட்டேஷனை (தாளில் எழுதிய இசையை) ஆல்டோ கிளெஃபில், அதாவது வயலினுக்கு எழுதுவதிலிருந்து வேறான முறையில், படிக்க வேண்டும். அந்தப் படிப்பு கைக்கு வர ஒரு செமஸ்டர் ஆனது. அதற்குப் பிறகு அவள் வயலினைத் தொடவே இல்லை. இப்படி மாறச் சொல்லி யாராவது உங்கள் பிள்ளையிடம் கேட்டால் தாராளமாகச் சரி என்று சொல்லுங்கள்.

பள்ளி நிஜமாகவே நன்றாகக் கற்றுக் கொடுப்பது சேர்ந்து வாசிப்பதைத்தான். மகள் ஐந்து வயதிலிருந்து கர்நாடக வாய்ப்பாட்டு கற்றவள். அங்கே டீச்சர் பாடுவார், இவள் திருப்பிப் பாடுவாள், காதுதான் எல்லாம். இங்கே ஐம்பது பேர் நடுவில் உட்கார்ந்து, தன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பக்கத்தில் இருப்பவரின் வில் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, தாளில் இருக்கிறதைப் படித்து, டைரக்டரின் கையையும் கவனிக்க வேண்டும். வயோலாவுக்குப் பல நேரம் மெட்டே இருக்காது. நடுவில் ஒரே ஸ்வரத்தைப் பன்னிரண்டு பார் (தாளச் சுற்று) பிடித்துக்கொண்டிருக்கும். முதலில் "போர் அடிக்குதும்மா" என்றாள். மூன்றாம் வருடம் ஒரு கச்சேரி முடிந்து காரில் வரும்போது, "நாங்க அந்த இடத்தில கொஞ்சம் கீழ சுருதி சேர்ந்தா வயலின் மொத்தமும் தப்பாக் கேக்கும்" என்றாள். அந்தக் காது தனியாக உட்கார்ந்து பழகினால் வராது.

பழைய பாட்டுப் பயிற்சி கைகொடுத்த ஒரு இடத்தைச் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பில் ஏழு-எட்டு (7/8) தாளத்தில், அதாவது பாருக்கு ஏழு எண்ணிக்கையில், ஒரு பாடல் எடுத்தார்கள். குழுவே திணறியது, எல்லாரும் ஏழுக்குப் பதில் எட்டு எண்ணினார்கள். இவள் தொடையில் 'தகிட தகதிமி' என்று ஏழு எண்ணிக்கையுள்ள மிஸ்ர சாபு தாளம் போட்டுக்கொண்டு வாசித்திருக்கிறாள். டைரக்டர் பார்த்துவிட்டு அதை எழுந்து செய்து காட்டச் சொன்னார். அடுத்த வாரம் முழு வகுப்பும் 'தகிட தகதிமி' சொல்லிக்கொண்டு கை தட்டியது. எனக்கு அவள் வீட்டுக்கு வந்து சொன்ன அந்த நாள் பெரிய சந்தோஷம்.

இடிக்கிற இடமும் உண்டு. கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) பழகிய காதுக்கு ஸ்வரத்தை நேராக நிறுத்திப் பிடிப்பது கஷ்டம். விரல் தானாக வழுக்கும். அதை விட முக்கியமானது, கேட்டதை உடனே மனப்பாடம் செய்துவிடும் பிள்ளைகள் நொட்டேஷனைப் படிக்காமலே தப்பித்துக்கொண்டிருப்பார்கள். முன்பின் பார்க்காத தாளை வைத்து வாசிக்கச் சொல்லும்போதுதான் அது வெளியே வரும். எங்களுக்கு ஒன்பதாம் வகுப்பில் வந்தது. கர்நாடக சங்கீதம் கற்கும் பிள்ளை என்றால் இதை முதல் மாதத்திலேயே கவனியுங்கள்.

கர்நாடக வயலினும் கற்கும் பிள்ளைகளின் பெற்றோர், ஒரே வயலின் போதுமா என்று கேட்பார்கள். போதாது. பள்ளியில் தந்திகள் ஜி-டி-ஏ-ஈ. நம் வயலினில் ஸ-ப-ஸ-ப, அதுவும் பிள்ளையின் கட்டைக்கு (சுருதிக்கு) ஏற்ப. தினமும் ஏற்றி இறக்கினால் தந்தி அறுந்துபோகும், பாலம் (தந்திகளைத் தாங்கும் மரத் துண்டு) சாய்ந்துவிடும். பிடிக்கும் முறையும் வேறு. பள்ளியில் தோளுக்கும் தாடைக்கும் நடுவே, நம் முறையில் மார்புக்கும் கணுக்காலுக்கும் நடுவே. இரண்டு கருவி வைத்திருந்தால் கையும் குழம்பாது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் மேற்கத்திய வயலினைக் கற்று நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்து இருநூறு வருடம் ஆகிறது. இரண்டையும் ஒரே பிள்ளை வாசிப்பதில் தவறே இல்லை. இரண்டு ஆசிரியர்களுக்கும் விஷயம் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி, பள்ளி தராதது. தனிக் கவனம். அவ்வளவு பெரிய வகுப்பில் ஒரு பிள்ளையின் கட்டைவிரல் வில்லில் எப்படி இருக்கிறது என்று டைரக்டர் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மகளுக்கு ஒன்பதாம் வகுப்பில் வலது தோள் வலி வந்தது. கருவி பெரிதாக இருக்கிறது என்று நினைத்தோம். பிரைவேட் லெசன் ஆரம்பித்த அன்றே அந்த ஆசிரியர் வில்லை வாங்கி வைத்துவிட்டு ஒரு பென்சிலைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். கட்டைவிரல் விறைப்பாக நீட்டிக்கொண்டு இருந்தது. அந்த இறுக்கம் மணிக்கட்டு, முழங்கை வழியாகத் தோள் வரைக்கும் போயிருக்கிறது. ஒரு மாதம் பென்சிலும் வெறும் தந்தியும்தான். வலி போனது, சத்தமும் திறந்துகொண்டது.

எங்கள் பக்கத்தில் பல பள்ளிகளில் இந்த ஆசிரியர்கள் பள்ளிக்கே வருகிறார்கள். ஆர்கெஸ்ட்ரா பீரியடிலிருந்து அரை மணி நேரம் பிள்ளையைப் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டுக்கொண்டு போய்ச் சொல்லிக் கொடுப்பார்கள். எங்கேயும் கார் ஓட்ட வேண்டாம். நாங்கள் அரை மணிக்கு முப்பது டாலருக்குள் கொடுத்தோம். வெளியே போனால் இதைவிடக் கூடுதல். மேல் குழுக்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் இப்படித் தனியாகக் கற்பவர்கள்தான். இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை, அதனால் சொல்கிறேன்: வசதி இருந்தால் முதல் வருடமே ஆரம்பித்துவிடுங்கள். முடியாவிட்டால் உதவித்தொகை இருக்கிறதா என்று டைரக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். எங்கள் பள்ளியில் பெற்றோர் சங்கம் சில பிள்ளைகளுக்குக் கட்டியது.

மற்ற செலவுகள்: கருவி வாடகை மாதம் முப்பது நாற்பது டாலர், வருடாந்தரக் கட்டணம், கச்சேரிக்குக் கறுப்பு உடை, தந்தி, ரோசின் (வில்லில் தேய்க்கும் பிசின்), வில்லுக்கு மறுபடி முடி கட்டுவது. செலோ, பேஸ் எடுத்தால் பள்ளியிலேயே கருவி கிடைக்கும் வாய்ப்பு அதிகம். வாடகைக் கடைகளில் கட்டிய பணத்தில் ஒரு பகுதியைப் பின்னால் வாங்கும்போது கழித்துக்கொள்கிறார்கள். கையெழுத்துப் போடும் முன் எவ்வளவு கழிப்பார்கள் என்று கேளுங்கள். டெக்சாஸ் வெயிலில் கருவியைக் காரில் விட்டுப் போகவே கூடாது; பசை இளகி மரம் பிரிந்துவிடும்.

போட்டிகளில் இரண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வசந்த காலத்தில் யு.ஐ.எல். (டெக்சாஸ் பள்ளிப் போட்டிகளை நடத்தும் அமைப்பு) மதிப்பீடு. இது பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் மோதும் போட்டி அல்ல. குழுவுக்கு ஒன்று முதல் ஐந்து வரை தரம் போடுவார்கள், ஒன்று உயர்ந்தது. தயாரித்ததை மேடையில் வாசித்த பிறகு, சைட் ரீடிங் அறைக்குக் கூட்டிப்போகிறார்கள். அங்கே யாரும் பார்த்திராத தாள். டைரக்டருக்குச் சில நிமிடம் கொடுப்பார்கள். அவர் வாயால் விளக்கலாம், பிள்ளைகள் முணுமுணுக்கலாம், விரலை வைத்துப் பார்க்கலாம், வாசிக்கக் கூடாது. அப்புறம் ஒரே முறை வாசிக்க வேண்டும். நான்கு வருடத்தில் என் மகள் அதிகம் பயந்ததும் அதிகம் விரும்பியதும் இந்த அறையைத்தான்.

இன்னொன்று ரீஜன் ஆடிஷன், அதாவது வட்டார அளவிலான குழுவுக்கான தேர்வு. இதில் தனித்தனியாக வாசிக்க வேண்டும். வாசிக்க வேண்டிய இசைப் பகுதிகளைக் கோடையிலேயே அறிவித்துவிடுகிறார்கள். பெயர் கிடையாது, எண் மட்டும். நடுவருக்கு முகம் தெரியாதபடி திரை போட்டிருப்பார்கள், பிள்ளை வாய் திறந்து பேசக்கூடாது. இதில் முன்னால் வருபவர்கள் மாநில அளவுக்குப் போகலாம்; தேர்வானவர்கள் பிப்ரவரியில் சான் அன்டோனியோவில் நடக்கும் டெக்சாஸ் இசை ஆசிரியர் சங்க மாநாட்டில் வாசிக்கிறார்கள். மகள் ரீஜன் வரை வந்தாள், அதற்கு மேல் போகவில்லை. ஆனால் அந்தக் கோடைகளில் அவள் கையில் வந்த முன்னேற்றம் மற்ற பத்து மாதத்திலும் வந்ததில்லை. இடம் கிடைக்காது என்று தெரிந்தாலும் பெயர் கொடுக்கச் சொல்லுங்கள்.

படிப்பு கெடுமா என்ற கேள்வி. 1984-இல் இருந்து டெக்சாஸில் 'நோ பாஸ், நோ பிளே' சட்டம் இருக்கிறது. ஏ.பி. (கல்லூரித் தரத்தில் நடக்கும் பாடங்கள்) போன்ற சில பாடங்கள் தவிர, ஏதாவது பாடத்தில் 70-க்குக் கீழே போனால் சில வாரங்களுக்குப் போட்டிகளில் கலந்துகொள்ள முடியாது. பள்ளி நேரத்துக்கு வெளியே ஒத்திகையும் வாரத்துக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. ஆக, நேரம் பெரிய பிரச்சினை இல்லை. ஜி.பி.ஏ. எனப்படும் மொத்த மார்க் சராசரிதான் பிரச்சினை. பல பள்ளி மாவட்டங்களில் (ஒரு பகுதியின் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) ஆர்கெஸ்ட்ரா சாதாரணப் பாடக் கணக்கில் வருகிறது. நூறு வாங்கினாலும் ஏ.பி. பாடத்தின் எடை அதற்குக் கிடையாது. அதே வருடம் பள்ளியை முடிப்பவர்களில் ஜி.பி.ஏ. வரிசைப்படி முதல் 10 சதவீதத்தில் இருந்தால் மாநிலப் பல்கலைக்கழகங்களில் இடம் உறுதி என்பது 1997-இல் வந்த சட்டம். ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் மட்டும் அளவு இன்னும் இறுக்கம். 2026 இலையுதிர் காலச் சேர்க்கையிலிருந்து முதல் 5 சதவீதம். இந்தக் கணக்கைப் போட்டுத்தான் பதினொன்றாம் வகுப்பில் நம் பிள்ளைகள் கூட்டமாக ஆர்கெஸ்ட்ராவை விடுகிறார்கள். நன்றாக வாசிக்கத் தொடங்கும் வயதில் விடுகிறார்கள். பார்க்க மனசு வலிக்கிறது. விடும் முன் மாவட்டத்தின் விதியைப் படியுங்கள். சில இடங்களில் நுண்கலையை ஜி.பி.ஏ. கணக்கிலேயே சேர்ப்பதில்லை, சில இடங்களில் மேல் வகுப்புக்கு ஹானர்ஸ் எடை (சாதாரணப் பாடத்தைவிடக் கூடுதல் மதிப்பு) தருகிறார்கள். ஏ.பி. மியூசிக் தியரிக்கு முழு எடை உண்டு. மகள் எழுதிய வருடம் அதில் நொட்டேஷனைப் பார்த்துப் பாடும் பகுதி இருந்தது. பாட்டு கற்ற பிள்ளைக்கு அது சுலபமாக இருந்தது.

எனக்கு இருக்கும் ஒரே பெரிய குறை, எல்லாம் ஒரு டைரக்டரின் மேல் நிற்கிறது என்பது. பத்தாம் வகுப்பு நடுவில் எங்கள் டைரக்டர் வேறு ஊருக்குப் போனார். புதியவர் வரும் வரை மாற்று ஆசிரியர்கள் வந்தார்கள். அவர்களுக்கு இசை தெரியாது. பிள்ளைகள் பீரியட் முழுக்க வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டு இருந்தார்கள். பெற்றோர் பலமுறை எழுதியும் நிர்வாகத்திலிருந்து நேரான பதில் வரவில்லை. அந்த அரை வருடத்தில் கீழ்க் குழுக்களிலிருந்து நிறையப் பேர் போய்விட்டார்கள், திரும்பி வரவே இல்லை. கால்பந்துப் பயிற்சியாளர் இடம் காலியானால் இத்தனை மாதம் காத்திருப்பார்களா என்று இன்றும் கேட்கத் தோன்றுகிறது.

பேண்டா (ஊதும் கருவிகளும் மேளங்களும் உள்ள குழு), ஆர்கெஸ்ட்ராவா என்று யோசிப்பவர்களுக்கு: மார்ச்சிங் பேண்டில் உடற்கல்வி கிரெடிட்டையும் சேர்த்து வாங்க வழி இருக்கிறது, ஆர்கெஸ்ட்ராவில் கிடையாது. ஆனால் பேண்ட் என்றால் கோடையின் கடைசி வாரங்களும் இலையுதிர் கால வெள்ளிக்கிழமை இரவுகளும் போய்விடும்.

மகள் பொறியியல் படிக்கப் போகிறாள். இசை முக்கியப் பாடமாக எடுக்காத மாணவர்களுக்கும் அந்தக் கல்லூரியில் ஆர்கெஸ்ட்ரா இருக்கிறது. வயோலாவை எடுத்துக்கொண்டு போகிறாள். ஆகஸ்டில் மகன் ஆறாம் வகுப்புப் போகிறான். கருவிகளைக் காட்டும் நாளில் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு டபுள் பேஸ்தான் வேண்டும் என்கிறான். காரில் அது எப்படி ஏறும் என்று அவன் அப்பா அளந்துகொண்டிருக்கிறார்.