கூஸ் ஃபார்ம்: அம்மா முட்டி வலிக்கு நாங்க நிரப்பி பாத்தது

அம்மாவுக்கு ரெண்டு முட்டியும் தேய்மானம். டாக்டர் "இப்ப எப்படிம்மா இருக்கு"ன்னு கேட்டா "பரவால்ல சார்"னு சொல்லிட்டு வந்துருவாங்க, வீட்டுக்கு வந்து படி ஏற முடியாம பாதியில நிப்பாங்க. அதனாலதான் முட்டி வலி எவ்ளோ தொந்தரவு குடுக்குதுன்னு நோயாளிகிட்டயே கேக்குற கூஸ் (KOOS)ங்கிற இந்த கேள்வித்தாள் எனக்கு அவ்ளோ புடிச்சிருக்கு.

ஸ்வீடன் பிசியோதெரபிஸ்ட் எவா ரூஸும் கூட இருந்தவங்களும் 1998ல வெளியிட்டது, காசு கிடையாது. மொத்தம் 42 கேள்வி, போன ஒரு வாரத்த நெனச்சு 0லேர்ந்து 4 வரைக்கும் போடணும் (0னா தொந்தரவு இல்ல, 4னா ரொம்ப மோசம்), 10 நிமிஷம் போதும். வலி, மத்த அறிகுறி, அன்றாட வேலை, விளையாட்டு, வாழ்க்கைத் தரம்னு அஞ்சு பகுதி, ஒவ்வொன்னுக்கும் 100க்கு ஒரு ஸ்கோர், 100னா தொந்தரவே இல்லன்னு அர்த்தம். அம்மா வலி பகுதில 9 கேள்விக்கும் சேத்து 36க்கு 27 போட்டாங்க, அது 75 சதவீதம், 100லேர்ந்து கழிச்சா ஸ்கோர் 25. மூணு மாசம் தொடைக்கு எக்சர்சைஸ் பண்ணப்பறம் 18, ஸ்கோர் 50. எக்ஸ்ரேல இதெல்லாம் தெரியாதுங்க.

கடைசி பகுதில முட்டி மேல நம்பிக்கை இல்லாம எவ்ளோ கஷ்டப்படுறீங்கன்னு ஒரு கேள்வி இருக்கு. அத படிச்சு காட்டினதும் அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்ல, அப்புறம்தான் பஸ் படிக்கட்டுக்கு பயந்துக்கிட்டு கோயிலுக்கே போறதில்லன்னு சொன்னாங்க, இத்தன நாளா எங்க யாருக்கும் அது தெரியாது.

குறைன்னு பாத்தா, சாக்ஸ் போடுறதுக்கு ஒரு கேள்வி, கழட்டுறதுக்கு ஒரு கேள்வி, ஆனா சம்மணம் போட்டு தரையில உக்காந்து எந்திரிக்கிறத பத்தி ஒன்னு கூட இல்ல. குத்த வைக்கிறதும் முட்டி போடுறதும் விளையாட்டு பகுதில இருக்கு, கோலம் போடுற அம்மாவுக்கு அது தினப்படி வேலை! வயசானவங்க "நமக்கு எதுக்கு விளையாட்டு"ன்னு அந்த பகுதியவே விட்டுருவாங்க, விடாம கேளுங்க, ஒரு பகுதில பாதி கேள்விக்காவது பதில் இருந்தாதான் ஸ்கோர் போட முடியும்.

ஒரு கிளினிக்ல அஞ்சையும் கூட்டி ஒரே நம்பரா எழுதி குடுத்தாங்க, அது தப்பு, தனித்தனியா கேட்டு வாங்குங்க. ரெண்டு முட்டிலயும் வலின்னா ஒவ்வொன்னுக்கும் தனி ஃபார்ம்.

இன்னொன்னு, படிச்சு காட்டலாம், பதில அவங்களேதான் சொல்லணும். மொத தடவ அப்பா பக்கத்துல உக்காந்து "அதெல்லாம் அவளுக்கு அவ்ளோ வலி இல்ல"ன்னாரு, அம்மாவும் தலையாட்டிட்டாங்க. அந்த பேப்பர கிழிச்சுட்டு, அப்பாவ கடைக்கு அனுப்பிட்டு, மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிச்சோம்.