ஹாலிபட்டுக்கு அலாஸ்காவோ வன்கூவர் தீவோ: நாங்களே போட் ஓட்டிப் போன ரெண்டு கோடை

வெள்ளவத்தையில எங்கட வீட்டுக்கு வாறவை ஹோல் சுவரில இருக்கிற அந்த மீன் போட்டோவப் பாத்திட்டு கேக்கிறது ஒரே கேள்வி தான், "மீன் பிடிக்க எங்க போறது நல்லம், அலாஸ்காவோ கனடாவோ?" நான் ரெண்டுக்கும் ஒவ்வொரு கோடை போயிருக்கிறன், ரெண்டு தரமும் ரொறன்ரோவில இருக்கிற அத்தானோட, ரெண்டு தரமும் கைட் (காசுக்குப் போட் ஓட்டி மீன் பிடிக்கக் கூட்டிக்கொண்டு போற ஆள்) இல்லாம, போட் ஓட்டினதும் நாங்கள், இரை குத்தினதும் நாங்கள், மீன் வெட்டினதும் நாங்கள். வாயால ஒவ்வொருத்தருக்கும் சொல்லிச் சொல்லி பாதி விசயம் விடுபட்டுப் போகுது, அதால இதில எழுதி வைக்கிறன்.

முதல்ல ஒண்டு சொல்லோணும். எல்லாரும் கேக்கிறது எங்க மீன் கூட எண்டு, அது பிழையான கேள்வி. ரெண்டு இடத்திலயும் மீன் இருக்கு. கேக்கவேண்டியது, நீங்கள் தேடுற மீன் உங்கட சின்ன போட் போய்த் திரும்பி வரக்கூடிய தண்ணிக்குள்ள நிக்குதோ எண்டது. கைட்டோட போனா அவர் பெரிய போட்டில 30 கிலோமீட்டர் வெளிக்கடலுக்குப் போயிட்டு வருவார். 18 அடி அலுமினியம் போட்டில நீங்களும் அத்தானும் போகேக்க அந்தக் கணக்கு வேற.

அலாஸ்காவில நாங்கள் போனது தென்கிழக்குப் பக்கம், பிரின்ஸ் ஒஃப் வேல்ஸ் தீவில கிரெய்க் எண்ட சின்ன ஊர். அங்க லொட்ஜ்காரர் வீடு, போட், தூண்டில், ஃப்ரீசர் எல்லாம் சேத்துத் தருவினம், முதல் நாள் சார்ட்டை மேசையில விரிச்சு எங்க கல்லு, எங்க போகலாம், எந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது எண்டு சொல்லிப்போட்டு சாவியத் தந்திடுவினம். ஊருக்கு முன்னாலயே புக்காரெலி குடா, தீவுகள் மறிச்சு நிக்கிற படியால வெளிக்கடல் அலை அப்பிடியே உள்ள வராது. ஹாலிபட் அந்த உள்த் தண்ணியிலயே இருக்கு, 25 பாகத்தில இருந்து 50 பாகம் ஆழம் வரைக்கும் (ஒரு பாகம் ஆறடி), மணலும் சரளையும் கலந்த மேடு, கல்லு முடிஞ்சு சமதரை தொடங்கிற ஓரம், அப்பிடியான இடங்கள். ஹாலிபட் எண்டா எங்கட நாக்கு மீன் மாதிரித் தட்டை, ரெண்டு கண்ணும் வலப்பக்கம், ஆனா வளத்தி சாப்பாட்டு மேசை அளவுக்குப் போகும். தூண்டிலில பிடிச்ச உலக சாதனை 459 இறாத்தல், 1996 இல அலாஸ்காவில டச் ஹாபர் பக்கம்.

இந்த மீன் பிடிக்கிறதில பாதி வேலை நீரோட்டத்தைப் படிக்கிறது தான். கொழும்பில வத்துக்கும் பெருக்குக்கும் வித்தியாசம் ஒரு மீட்டரும் வராது, நாங்கள் அதைக் கவனிக்கிறதே இல்லை. கிரெய்க்குக்குப் போற வழியில இருக்கிற கெச்சிக்கன் ஊர்ப் பக்கம் 15 அடி சாதாரணம், கிரெய்க் மேற்குக் கரையில இருக்கிற படியால கொஞ்சம் குறைவு, எண்டாலும் 10 அடி. அவ்வளவு தண்ணியும் ஒரு நாளைக்கு ரெண்டு தரம் தீவுகளுக்கு இடையால போய் வாறதெண்டா எப்பிடி இழுக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. ஒரு கிலோ ஈயம் போட்டும் அடியில நிக்காது. நீர் நிண்டு திரும்புற அந்தக் கொஞ்ச நேரம் தான் ஹாலிபட் நேரம், அதுக்கு முன்னுக்கே போய் இடம் பிடிச்சு நிக்கோணும். கற்பிட்டிக் களப்பில கைத்தூண்டில் போட்டுப் பழகின எனக்கு வட்டத் தூண்டில் (முனை உள்ளுக்கு வளைஞ்ச கொக்கி) தான் கஷ்டமா இருந்தது, மீன் தட்டினோடன வெட்டி இழுக்கிறது எங்கட பழக்கம், வட்டத் தூண்டிலில அப்பிடி இழுத்தா வாயில இருந்து வெளியில வந்திடும், மீன் தானா இரைய எடுத்துக்கொண்டு திரும்பி தடி வளையுமட்டும் கைய வைச்சுக்கொண்டு சும்மா இருக்கோணும். ரெண்டாம் நாள் பின்னேரம் தான் அது எனக்கு வந்தது. நங்கூரம் போடுற ஆக்களுக்கு ஒண்டு, கயிற எப்பவும் அணியத்தில தான் கட்டோணும், பின்பக்கம் கட்டினா நீர் இழுக்கேக்க தண்ணி உள்ள ஏறி போட்டையே தாட்டுப்போடும்.

இப்ப சட்டத்துக்கு வாறன், ஏனெண்டா அலாஸ்காவில கைட் இல்லாமப் போறதுக்கு பெரிய காரணமே இது தான். கைட்டோட போறவைக்கு தென்கிழக்கு அலாஸ்காவில ஒரு நாளைக்கு ஒரு ஹாலிபட் தான், அதிலயும் இந்த நீளத்துக்கும் அந்த நீளத்துக்கும் இடையில இருக்கிறதை வைச்சிருக்கக் கூடாது எண்டு ஒரு அளவு, கிழமையில சில நாள் முழுக்க மூடின வருசங்களும் இருக்கு. கைட் இல்லாமப் போனா நாளைக்கு ரெண்டு, நீளக் கட்டுப்பாடு இல்லை. இது நீதியோ எண்டு அத்தான் கேட்டார். காரணம் என்னெண்டா, 1923 இல அமெரிக்காவும் கனடாவும் சேந்து உண்டாக்கின ஹாலிபட் கொமிஷன் வருசா வருசம் எவ்வளவு பிடிக்கலாம் எண்டு முடிவெடுக்குது, 2014 இல இருந்து கைட்டோட ஓடுற வாடகை போட் தொழிலுக்கும் வியாபார மீனவருக்கும் அதில பங்கு பிரிச்சு விட்டிருக்கினம், கைட்மாரின்ர பங்கு சுருங்கினா அவையின்ர ஆக்களுக்கு அளவும் சுருங்கும். கைட் இல்லாமப் போறவை அந்தப் பங்குக்குள்ள வரமாட்டினம். அதுக்காக பிடிக்கிற எல்லாத்தையும் கொண்டு வரோணும் எண்டில்லை. பெரிசாக வளர்றது எல்லாம் பெட்டை மீன், முட்டை போடுறது அதுகள் தான். எங்களுக்கு 15 கிலோவுக்குள்ள இருக்கிறது காணும், இறைச்சியும் அது தான் மெதுவா இருக்கும்.

பெரிசை விடச் சொல்லுறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. மூண்டாம் நாள் அத்தானுக்கு ஏறத்தாழ 30 கிலோ ஒண்டு பட்டது, மேல வரேக்க மரப்பலகை மாதிரி அசையாம வந்தது, களைச்சுப் போச்சு எண்டு நினைச்சு நான் கொளுவித் தூக்கி உள்ள போட்டன். உள்ள வந்த பிறகு தான் அதுக்கு உயிர் வந்தது. வாலால அடிச்ச அடியில தடி தாங்குற இரும்பு வளைஞ்சு, இரைப்பெட்டி உடைஞ்சு, அத்தான்ட முழங்காலில ஒரு அடி, அவர் ஒரு கிழமை நொண்டினார். அண்டைக்கு கால் முறிஞ்சிருந்தா ஆசுப்பத்திரிக்கு கெச்சிக்கனுக்குப் பறக்க வேண்டியிருந்திருக்கும், ஊரில இருக்கிறது கிளினிக் தான். மீன தண்ணிக்குள்ளயே வைச்சு செவுள வெட்டி, இரத்தம் போக விட்டு, வாலில கயிறு போட்டுக் கட்டின பிறகு தான் உள்ள எடுக்கோணும். இத லொட்ஜ்காரர் முதல் நாள் சொன்னவர். கேட்டிருந்தும் செய்யேல்லை.

கனடாவின்ர வன்கூவர் தீவு இதுக்கு எதிர்மாறு. நாங்கள் போனது யூக்லூலெட், மேற்குக் கரை, பார்க்லி சவுண்ட் எண்ட கடல் குடாவின்ர வாசல். அங்க சுயமா மீன்பிடிக்க வாற ஆக்கள் கூடுதலா தங்கட போட்டை ட்ரெய்லரில இழுத்துக்கொண்டு வருவினம், நாங்களும் அத்தான்ட சிநேகிதர் ஒருத்தரின்ர போட்டில தான் போனது. சால்மனுக்கு இத விட வசதியான தண்ணி நான் காணேல்லை. நூற்றுக்கணக்கில சின்னத் தீவு, காத்து ஒரு பக்கத்தால வந்தா மற்றப் பக்கம் ஒதுங்கலாம், ஸ்வேல் ரொக், மியர்ஸ் பிளஃப் எண்டு பேர் போன இடங்கள் எல்லாம் அந்தச் சவுண்டுக்குள்ளயும் வாசலிலயும் தான், போர்ட் அல்பர்னி ஆத்துக்குத் திரும்புற சினூக் சால்மன் (கிங் சால்மன் எண்டுறதும் இது தான்) ஓகஸ்ட்டில அந்த வழியால தான் வரும். பிடிக்கிற முறை டவுன்ரிகர், பாரமான குண்டு ஒண்டு கம்பியில இறக்கி, அதில நூலைக் கொளுவி, முன்னுக்கு மினுங்கிற தகடு, பின்னுக்கு நெத்தலி மாதிரி ஒரு மீன் சுழண்டு சுழண்டு வரும், போட் நடக்கிற வேகத்தில போகும். மீன் பட்டா நூல் கழண்டு தடி நிமிரும், அந்த நேரம் போட்டுக்குள்ள எல்லாரும் ஒரே நேரத்தில எழும்பிறது தான்.

கிரெய்க்கில சால்மனுக்கு நாங்கள் செய்தது வேற, ஹெரிங் மீன்ர தலையைச் சரிவா வெட்டி, இறக்கி, ஏத்தி, இறக்கி, கையில நூலப் பிடிச்ச மாதிரியே இருக்கும். கைத்தூண்டில் பழகின எங்கட ஆக்களுக்கு அது தான் பிடிக்கும் எண்டு நான் நினைக்கிறன். டவுன்ரிகரில மீன் பிடிக்கிறது மெஷின் பாதி நீங்கள் பாதி.

ஆனா யூக்லூலெட்டில ஹாலிபட் எண்டு கேட்டா கை நீளுறது வெளிக்கடலுக்கு. லா பெரூஸ் பாங்க் எண்ட மேடு, திறந்த பசிபிக். நாங்கள் ரெண்டு நாள் வெளிக்கிட்டு ரெண்டு நாளும் திரும்பி வந்தது, ஒரு நாள் அலை, ஒரு நாள் மூடுபனி. ஓகஸ்ட்டில அங்க மூடுபனி காலமை வந்து இருந்துச்செண்டா போட்டின்ர அணியமே தெரியாது, ஜிபிஎஸ் இருந்தாலும் எதிரில வாற போட்டுக்கும் இருக்கோணுமே. சிநேகிதர் "தம்பி, மீன் நாளைக்கும் நிக்கும்" எண்டு சொல்லி ஹாண்டிலத் திருப்பினார், அவர் செய்தது சரி. ஏழு நாளில ஹாலிபட் ஒண்டு தான், அதுவும் சின்னன்.

கனடாவில விதியும் இறுக்கம். நாங்கள் போன வருசம் ஹாலிபட் 126 சென்டிமீட்டருக்கு மேல வைச்சிருக்கக் கூடாது, அது ஏறத்தாழ 25 கிலோ மீன், நாளைக்கு 90க்கு மேல ஒண்டு அல்லது 90க்குக் கீழ ரெண்டு, வருசத்துக்கு 10. சால்மன் எல்லா வகையும் சேத்து நாளைக்கு 4, சால்மனுக்கு முள்ளில்லாத தூண்டில் கட்டாயம். அலாஸ்காவில கோஹோ எண்ட ஒரு சால்மன் வகை மட்டுமே நாளைக்கு 6. அதோட கனடாவில பாறை மீன் காப்பு வலயம் எண்டு கடலில கோடு கீறி வைச்சிருக்கினம், அதுக்குள்ள சால்மனுக்குக் கூட தூண்டில் இழுக்கக் கூடாது, கைட் இல்லாட்டி அந்தக் கோடு எங்க எண்டு பாக்கிறது உங்கட பொறுப்பு. ரெண்டு நாட்டிலயும் அளவுகள் வருசம் மாறும், சீசன் நடுவிலயும் மாறும், போற கிழமை திரும்பப் பாருங்கோ. கனடாவில மோட்டர் போட் ஓட்ட ஒரு கார்ட் வேணும், வாடகைக்கு எடுத்தா அவை ஒரு பாதுகாப்புப் படிவம் நிரப்பித் தருவினம், அந்த வாடகை நாட்களுக்கு அது காணும். அலாஸ்காவில அப்பிடிக் கார்ட் கேக்கிறேல்லை, அத நான் நல்ல விசயமா எடுக்கேல்லை.

குளிரப் பற்றிச் சொல்லாம விட ஏலாது. எங்கட கடலில விழுந்தா நீந்தலாம், தண்ணி 28 பாகை. அங்க கோடையிலயும் 10, 12 பாகை தான். விழுந்த முதல் நிமிசம் மூச்சு கட்டுப்படாது, பிறகு பத்து நிமிசத்துக்குள்ள கை விரல் வேலை செய்யாம விடும், நீந்தத் தெரியுமோ தெரியாதோ எண்டது அங்க பெரிசா உதவாது. லைஃப் ஜக்கெட்டை சீட்டுக்குக் கீழ வைக்காதேங்கோ, போட்டுக்கொண்டு இருங்கோ. ரேடியோ சனல் 16 ரெண்டு நாட்டிலயும் ஒண்டு தான், இடுப்பில கொளுவிற சின்ன ரேடியோ ஒண்டு கட்டாயம், போட் கவிண்டா போட்டில பூட்டின ரேடியோ உங்களுக்கு இல்லை.

போற வழிக்கு வந்தா கனடா லேசு. வன்கூவரில இறங்கி, ஃபெரியில ஒண்டே முக்கால் மணித்தியாலம் நனைமோ, பிறகு மூண்டு மணித்தியாலக் கார் ஓட்டம். டொஃபினோவில ஆசுப்பத்திரி, 40 கிலோமீட்டர் ரோட்டில. கிரெய்க்குக்கு சியாட்டலில இருந்து கெச்சிக்கன் பிளேன், அங்கயிருந்து மூண்டு மணித்தியால ஃபெரி, பிறகு 50 கிலோமீட்டர் ரோட், கொழும்பில இருந்து வெளிக்கிட்டு நான் கட்டில் காண மூண்டு நாள் போச்சு. விசா ரெண்டுக்கும் வேற வேற எடுக்கோணும், கனடா விசா இருக்கெண்டு அலாஸ்காவுக்கு ஏற விடமாட்டினம், காலி வீதி எம்பஸியில இன்டர்வியூவுக்கு நிக்கத் தான் வேணும். அத்தானுக்கு கனேடியன் பாஸ்போட், அவருக்கு இந்தக் கவலையே இல்லை, அதால திகதி போடுறத அவரிட்ட விடாதேங்கோ.

அலாஸ்கா லைசன்ஸ் வெளியாருக்கு 7 நாளைக்கு 45 டொலர், கிங் சால்மனுக்கு மேலதிகமா இன்னொரு 45. இந்தப் பயணத்தில மிச்சச் செலவோட பாத்தா அது கணக்கே இல்லை. அலாஸ்காவிலயே ஹோமர் எண்ட ஊர்ப் பக்கம் போகலாமோ எண்டும் கேக்கினம், அது கைட் போட் ஊர், அங்கத்தைய குக் இன்லெட் குடாவின்ர நீரோட்டம் சின்ன போட்டோட விளையாடுற இடமில்லை. கனடாவின்ர ஹைடா குவாய் தீவுகளில போட்டை நீங்களே ஓட்டுற லொட்ஜ் இருக்கு, விலை எங்களுக்குக் கட்டேல்லை, நான் போகேல்லை, அதால கதைக்கேல்லை.

என்னைக் கேட்டா, முதல் தரம் போறவை, மனுசி பிள்ளையளோட போறவை, யூக்லூலெட்டுக்குப் போங்கோ, ஹாலிபட்ட மறந்திட்டு சவுண்டுக்குள்ள சால்மன் பிடியுங்கோ. ஹாலிபட் தான் வேணும் எண்டா கிரெய்க், ஜூலை, அதுவும் போட் ஓட்டிப் பழகின ஒருத்தரோட. நான் திரும்பப் போறதெண்டா கிரெய்க்குக்குத் தான் போவன், அந்த நீர் நிக்கிற நேரத்துக்காக.

பிடிச்ச மீன் கொழும்புக்கு வராது, ரெண்டு மூண்டு பிளேன் மாறி வரேக்க ஐஸ் தாங்காது. ஹாலிபட் முழுக்க அக்கான்ர ஃப்ரீசருக்குத் தான், தலையில அவ சொதி வைச்சவ, தேங்காய்ப்பால் விட்டு, முழுக் குடும்பமும் இருந்து சாப்பிட்டது. கனடாப் பயணத்தில மட்டும் எங்கட சால்மனில கொஞ்சத்தை டின் பண்ணக் குடுத்தனாங்கள், அதில ஆறு டின் சூட்கேசில வந்தது. அம்மாவுக்கு சமன் (சால்மனை ஊரில அப்பிடித் தான் சொல்லுறது) எண்டா கடையில வாங்கிற டின் மீன் தான், அது சால்மனே இல்லை எண்டு நான் எத்தினை தரம் சொல்லியும் நம்பேல்லை. ஒரு டின்னை உடைச்சு கோப்பையில கொட்டினோடன செம்மஞ்சளா இருந்ததைப் பாத்திட்டு "இதென்ன தம்பி, கலர் போட்டிருக்கினமோ?" எண்டு கேட்டா. வெங்காயம், பச்சைமிளகாய், தேசிக்காய் விட்டுப் பிரட்டிப் பாணோட குடுத்தன். மிச்ச அஞ்சையும் அவ தன்ர அலுமாரியில எடுத்து வைச்சிட்டா.