கெம்பஸ் மேப், ஷட்டில் ஆப்: ரூமுக்குள்ள டெஸ்ட் பண்றதா, நடந்து பாக்கிறதா?

எங்க பெச்ல ஒரு டீம் ஃபைனல் ப்ரொஜெக்டுக்கு பேராதனை கெம்பஸுக்கு மேப்பும் ஷட்டிலும் சேந்த ஒரு ஆப் செஞ்சாங்க, அத ஆளுங்க ஈஸியா பாவிக்கிறாங்களான்னு பாக்கிற வேலை எங்க கைக்கு வந்துச்சு. ஷட்டில்னா ட்ரையலுக்கு ஓடவிட்ட ஒரு வேன்தான், டிரைவர் பக்கத்துல ஒரு போன் இருக்கும், அது லொகேஷன அனுப்பிட்டே இருக்கும். டெஸ்ட் பண்ண ரெண்டு வழி. ஒண்ணு, ஆளுங்கள ரூம்ல உக்கார வச்சு ஃபிக்மால (ஆப் ஸ்க்ரீன் மாதிரி வரைஞ்சு காட்டுற டிசைன் டூல்) செஞ்ச ஸ்க்ரீன்கள குடுத்து, மனசுல ஓடுறத வாய்விட்டு சொல்ல சொல்றது. இன்னொண்ணு, ஓடுற ஆப்ப கையில குடுத்து கெம்பஸுக்குள்ள அனுப்பிட்டு நாம பின்னாலயே போறது. ரெண்டையும் செஞ்சு பாத்தோம். மேடும் பள்ளமுமா இருக்கிற கெம்பஸுன்னா நான் ரெண்டாவது பக்கம்தான்.

ரூம் டெஸ்டோட நல்லது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். மழை இல்ல, செலவு இல்ல, எல்லாருக்கும் ஒரே நிலைமை, ஸ்க்ரீன் ரெகார்டிங் சுத்தமா வரும். பட்டன் சின்னதா இருக்கு, தேடுற பெட்டி கண்ணுல படல, இந்த ஐகன் என்னன்னு விளங்கல, இதெல்லாம் ரூம்லயே வெளிய வந்துடும். அஞ்சு பேர் போதும்னு சொல்ற கணக்கும் இருக்கு, நீல்சன், லண்டாவர்னு ரெண்டு ஆராய்ச்சிக்காரங்க 1993ல போட்டது, சராசரியா ஒரு ஆள் 31% பிரச்சினைய காட்டினா அஞ்சு பேர் கிட்டத்தட்ட 85% காட்டிருவாங்க. ஆனா அந்த பிரச்சினை அந்த இடத்துல தலை காட்டக்கூடியதா இருந்தாத்தான் இந்த கணக்கு நிக்கும். ரூமுக்குள்ள வரவே வராத பிரச்சினைய ஐம்பது பேர உக்கார வச்சாலும் பாக்க முடியாது.

டெஸ்ட் முடிஞ்சு கடைசில, ஆப் பாவிக்க எவ்வளவு ஈஸின்னு கேக்கிற எஸ்யூஎஸ் ஃபோர்ம் பத்தி ரொம்ப சொல்ல ஒண்ணுமில்ல. ஜோன் ப்ரூக் 1986ல செஞ்ச பத்து கேள்வி, 100க்கு மார்க் வரும், 68 சராசரின்னு எடுப்பாங்க. ரிப்போட்டுக்கு நல்லது, எத திருத்தணும்னு அது சொல்லாது.

எனக்கு முடிவ தீர்த்து வச்சது ஒரே ஒரு விசயம். ஷட்டில் ஆப்ப ஒருத்தர் எதுக்கு திறக்கிறாரு? ஹோல்ட்ல (வேன் நிறுத்துற இடத்துல) நின்னுக்கிட்டு, வேனுக்கு நிக்கவா நடந்துடவான்னு முடிவெடுக்கத்தான். மத்த எல்லா ஸ்க்ரீனும் இதுக்கு பொறகுதான். இந்த முடிவ ரூம்ல யாரும் நிஜமா எடுக்க மாட்டாங்க, ஏன்னா அங்க லெக்சருக்கு லேட் ஆகாது, கால் வலிக்காது, நனையவும் மாட்டாங்க, கேட்டா உடனே "வெயிட் பண்ணுவேன்"னு சொல்லிட்டு அடுத்த டாஸ்க்குக்கு போயிருவாங்க.

வெளிய போனா ரெண்டு இடத்துல முடிவு மாறுது. முதலாவது ஏத்தம். எங்க கைக்கு வந்த வெர்ஷன் நடக்கிற நேரத்த வெறும் தூரத்த வச்சு போடுது. 1892ல நெய்ஸ்மித்னு ஸ்கொட்லாந்து மலையேறி ஒருத்தர் குடுத்த பழைய கணக்குல, மணிக்கு 5 கிலோமீட்டர் மாதிரி நடந்தா, ஏறுற ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 10 நிமிசம் கூட்டணும். அப்போ 600 மீட்டர் பாதை தட்டையா இருந்தா 7 நிமிசம், அதே பாதை 50 மீட்டர் ஏறுச்சுன்னா 12 நிமிசம். ஹந்தானப் பக்கம் மேல ஏறுற பாதைல ஆப் சொல்ற நேரத்த நம்பி நடக்க ஆரம்பிச்சவங்க பாதி வழில நின்னு மூச்சு வாங்கிட்டு போன முறைச்சு பாத்தாங்க, அந்த பார்வை எந்த ரெகார்டிங்லயும் வராது. மகாவலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற இன்ஜினியரிங் ஃபெகல்டியும் இதே கததான், தேடினா நேர்கோட்டு தூரம் காட்டுது, ஆத்துல நடக்க முடியுமா, அக்பர் பாலத்துக்கு போய்தானே சுத்தி வரணும்.

ரெண்டாவது, வேனோட புள்ளி. ஃபிக்மால அது அழகா வழுக்கிட்டு வரும். நிஜத்துல வேன் மரமும் சரிவும் மறைக்கிற வளைவுக்குள்ள போனா சிக்னல் விழுந்துரும், புள்ளி அப்படியே நிக்கும், ஹோல்ட்ல நிக்கிறவங்க வேன் நின்னுருச்சுன்னு நெனச்சு நடக்க தொடங்குவாங்க, கொஞ்ச தூரம் போறதுக்குள்ள வேன் பக்கத்தால போகும். அதுக்கு பொறகு அவங்க அந்த ஆப்ப நம்பல, கேட்டா "வேல இல்ல அண்ணா, ரோட்ட பாத்தே சொல்லிடலாம்"னாங்க. இதுக்கு மருந்து சின்னதுதான், புள்ளிக்கு மேல "3 நிமிசத்துக்கு முன்ன இங்க"ன்னு எழுதி நிறத்த மங்க வைக்கணும். அத போட்டு திரும்ப நடக்க விட்டப்போ அதே ஹோல்ட்ல ஆளுங்க நின்னாங்க. ரூம்ல மட்டும் பாத்திருந்தா இப்படி ஒரு வரி தேவைன்னே யாருக்கும் தோணியிருக்காது.

மழையும் இருக்கு. ஒரு கையில குடை, மறு கையில போன், கண்ணாடில தண்ணித்துளி விழுந்தா டச் தானா வேற எங்கயோ அமுங்குது. மேல் மூலைல வச்ச பட்டன் ஒத்தக்கை பெருவிரலுக்கு எட்டல. இது தெரிஞ்ச உடனே முக்கியமான பட்டன கீழ இறக்க சொன்னோம்.

ஆராய்ச்சிக்காரங்களே இதுல ஒத்துப்போகல. 2004ல டென்மார்க் குழு ஒண்ணு வைத்தியசாலை வேலைக்கான மொபைல் சிஸ்டத்த லேப்லயும் வெளியலயும் சோதிச்சு, வெளிய போற கஷ்டத்துக்கு பெருசா பலன் இல்லன்னு எழுதினாங்க. 2006ல இன்னொரு குழு வெளியதான் கூடுதலா பிரச்சினை வருதுன்னு காட்டினாங்க. எனக்கு படுறது, ஆள் நடந்துக்கிட்டே பாவிக்கிற ஆப்புன்னா ரெண்டாவது பேச்சுதான் சரி. கட்டடம் எல்லாம் ஒரே தட்டுல கிட்டக்கிட்ட இருக்கிற கெம்பஸுன்னா ரூம் டெஸ்டே போதுமா இருக்கலாம், அங்க நான் செஞ்சு பாத்ததில்ல. ராத்திரிலயும், வீல்சேர்ல வர்றவங்களோடயும், பார்வை குறைஞ்சவங்களோடயும் நாங்க நடக்கல, அவங்களுக்கு என்ன வேணும்னு நான் இங்கருந்து தீர்ப்பு சொல்லக்கூடாது, அவங்களையே கூட்டிட்டு போய் பாக்கணும்.

நடந்து பாக்கிறதுல கஷ்டம் இல்லாம இல்ல. மழை பிடிச்சா அந்த நாள் போச்சு, காத்துல குரல் ரெகார்ட் ஆகாது, ஒவ்வொருத்தருக்கும் நிலைமை வேறங்கிறதால நேரத்த ஒருத்தரோட ஒருத்தர் ஒப்பிட முடியாது. ரோட்டோரமா நடக்கிறப்போ வண்டி வருதான்னு பாக்க கூட ஒரு ஆள் கட்டாயம் வேணும், இத மட்டும் விட்றாதீங்க. முதல்ல ரூம்ல சில்லறைப் பிழையெல்லாம் எடுத்துட்டு அப்புறம் வெளிய போனா நேரம் மிச்சம். ஒரு பின்னேரம்தான் கையில இருக்குன்னா, கலஹா சந்திப் பக்கம் ஒரு ஹோல்ட்ல ஒருத்தர நிக்க வச்சு போன குடுங்க. வாயால ஒண்ணும் கேக்க வேணாம், நிக்கிறாரா நடக்கிறாரா, அதுக்கு முன்ன கடைசியா எந்த ஸ்க்ரீன பாத்தாரு, இந்த ரெண்ட மட்டும் குறிச்சு எடுங்க.